பல மடங்கு விலை சொல்லும் பாப்பி வான் விங்கிள்: வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரில் வசிக்கிறேன். நண்பருக்குத் தெரிந்த ஒருவர் 15 ஆண்டு முதிர்ந்த பாப்பி வான் விங்கிள் என்ற பர்பன் விஸ்கிப் பாட்டில் ஒன்றைக் கடை விலையைவிடப் பல மடங்கு கூட்டிச் சொல்கிறார். அவ்வளவு பணத்துக்கு அது தகுமா? சுவைத்து எப்படி முடிவு செய்வது?

பதில்: அவரிடம் வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில், அரிய பர்பன்களை (சோளத்தை முதன்மையாகக் கொண்ட அமெரிக்க விஸ்கிகளை) கோப்பைக் கணக்கில் தரும் மதுக்கூடங்கள் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. அங்கே இந்த விஸ்கியில் ஒரு சிறு அளவு கேளுங்கள். அத்துடன் வெல்லர் ஆன்டிக் 107 என்ற விஸ்கியிலும் அதே அளவு கேளுங்கள்.

ஏன் வெல்லர்? இரண்டும் கென்டக்கியின் ஃபிராங்ஃபர்ட் நகரிலுள்ள பஃபலோ டிரேஸ் வடிசாலையில் உருவாகின்றன. பெரும்பாலான பர்பன்களில் சோளத்துக்குத் துணையாக ரை தானியம் சேரும். இவ்விரண்டிலும் அதற்குப் பதில் கோதுமை. இரண்டும் 107 புரூஃப், அதாவது 53.5 சதவீத ஆல்கஹால். ஆகவே கோப்பையில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி வயதினாலும் பீப்பாய்த் தேர்வினாலும் வருவது. நீங்கள் கூடுதலாகப் பணம் கொடுப்பது அதற்குத்தான் என்பதால் இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைக்காது.

எது எந்தக் கோப்பை என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. ஊற்றிய பிறகு வேறொருவர் இடம் மாற்றி வைக்கட்டும். பெயர் தெரிந்துவிட்டால் நாக்கு அதற்குப் பணிந்துவிடும். வாய் குறுகிய கோப்பையில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயைச் சற்றுத் திறந்தபடி முகருங்கள். முதல் மிடறு ஆல்கஹாலுக்கு வாயைப் பழக்குவதற்கு மட்டுமே. அதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். இரண்டாவது மிடறை நாக்கு முழுவதும் பரவவிட்டு விழுங்குங்கள். சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, நிற்கும்போது மாறுகிறதா, வெறும் எரிச்சலாக முடிகிறதா என்று கவனியுங்கள். பிறகு சில துளி தண்ணீர் விட்டு மறுபடி சுவையுங்கள். நல்ல விஸ்கி அப்போது விரியும்; சுமாரானது நீர்த்துப்போகும்.

வயது கூடினால் தரம் கூடும் என்று எண்ணவேண்டாம். சட்டப்படி பர்பன் உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் முதிர வேண்டும். ஸ்காட்ச் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில் முதிர்வதால் மரம் அதற்கு மெதுவாகவே சுவை கொடுக்கும். கென்டக்கியின் கடும் கோடையும் குளிரும் பர்பனை மரத்துக்குள் தள்ளி வெளியே இழுக்கின்றன. கேரமல், வனிலா மணங்கள் அந்த மரத்திலிருந்தே வருகின்றன. அளவு மிஞ்சினால் கசப்பும் வந்துவிடும். அதிக நேரம் ஊறிய தேயிலையைப் போல நாக்கு வறண்டு இழுத்தால், முதுமை அந்த விஸ்கிக்குச் சுமையாகிவிட்டது என்று பொருள். என் அனுபவத்தில் 15 ஆண்டுப் பாப்பி பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டுவதில்லை. 23 ஆண்டுப் பாட்டிலைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன். அதற்கு இன்னும் அதிக விலை கேட்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

விலையில் நியாயமான பகுதியும் உண்டு. ஆண்டுதோறும் பீப்பாயிலிருந்து விஸ்கி ஆவியாகிக்கொண்டே இருப்பதால் 15 ஆண்டு முடிவில் கிடைக்கும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். அந்த இழப்பும் கிடங்குச் செலவும் கடை விலையிலேயே அடங்கிவிட்டன. அதற்கு மேல் கேட்பது அரிதாகக் கிடைப்பதற்கும் புகழுக்கும்தான். அந்தப் புகழில் பெரும்பங்கு 1935 இல் லூயிவில் அருகே திறக்கப்பட்ட ஸ்டிட்செல்-வெல்லர் வடிசாலையைச் சேர்ந்தது. இன்று விற்கும் 15 ஆண்டுப் பாட்டிலில் அந்த வடிசாலையின் விஸ்கி இல்லை.

இனி அந்த விற்பனையாளர். உரிமம் இல்லாதவர் மது விற்பது கென்டக்கியில் சட்டவிரோதம். காலிப் பாப்பி பாட்டில்களை விலைக்கு வாங்கி, மலிவான விஸ்கியை நிரப்பி மூடி விற்கும் மோசடியும் நடக்கிறது. ஏமாந்தால் நீங்கள் எங்கே போய் முறையிடுவீர்கள்?

இரு கோப்பைகளில் எது பாப்பி என்று உங்களால் சொல்லமுடியவில்லை என்றால் வெல்லரை வாங்குங்கள். வேறுபாடு தெளிவாகத் தெரிந்து, மனமும் அதில் நின்றுவிட்டால், கடை விலைக்கே குலுக்கல் முறையில் விற்கும் கடைகளில் பெயர் கொடுத்து வையுங்கள். காத்திருக்க முடியாது என்றால், 2018 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ் அரிய பாட்டில்களைத் தனிநபர்களிடமிருந்து வாங்கி விற்கும் உரிமம் பெற்ற கடைக்குச் செல்லுங்கள். விலை அங்கும் கூடுதல்தான். ஆனால் பாட்டில் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம், ரசீதும் கையில் இருக்கும்.