கட்டில் விரிப்பு வாங்குமுன்: தென்னாப்பிரிக்க வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் நிறத்தைப் பற்றித்தான் தொடங்குகின்றன. எங்கள் வரிசை வேறு. முதலில் அளவு; அடுத்து, வீட்டில் அதை எப்படித் துவைத்து எங்கே உலர்த்துவீர்கள் என்பது; நிறம் அதற்குப் பிறகுதான். நிறம் அவ்வளவாகப் பிடிக்காத விரிப்பைக்கூடச் சில வருடம் போட்டுக்கொள்ளலாம். மெத்தையை மூடாத விரிப்பையும் துவைத்தால் காயாத விரிப்பையும் வைத்துக்கொண்டு ஒரு மாதம்கூடத் தள்ள முடியாது.

கேள்வி (பீனிக்ஸ், டர்பன்): எங்களுடையது த்ரீ-குவாட்டர் கட்டில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கிறது. சிங்கிள் விரிப்பு போட்டால் மெத்தை தெரிகிறது. டபுள் போட்டால் தரையில் புரள்கிறது. என்ன அளவு வாங்குவது?

பதில்: பொட்டலத்தில் சிங்கிள், டபுள் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள், சென்டிமீட்டரைப் பாருங்கள். நம் நாட்டில் மெத்தையின் வழக்கமான அகலம் சிங்கிளுக்கு 91, த்ரீ-குவாட்டருக்கு 107, டபுளுக்கு 137, குவீனுக்கு 152, கிங்குக்கு 183 செ.மீ. நீளம் எல்லாவற்றுக்கும் 188. எக்ஸ்ட்ரா லெங்த் என்றால் 200. இறக்குமதியாகும் விரிப்புகள் வேறு நாட்டு மெத்தைக்குத் தைத்தவை. த்ரீ-குவாட்டர் என்ற அளவே அங்கே பல இடங்களில் கிடையாது. அதனால்தான் உங்களுக்கு எதுவும் பொருந்தவில்லை.

வெறும் மெத்தையை அளக்கக் கூடாது. வழக்கமாகப் போடும் பெட்ஷீட், போர்வை எல்லாம் விரித்த பிறகு மேல் விளிம்பிலிருந்து கீழே எவ்வளவு தொங்க வேண்டும் என்று அளந்துகொள்ளுங்கள். கட்டிலுக்கு நைட் ஃப்ரில் (மெத்தைக்கு அடியிலிருந்து தரைவரை கட்டிலைச் சுற்றித் தொங்கும் சுருக்குத் துணி) போட்டிருந்தால் விரிப்பு மெத்தையின் அடிவிளிம்பைத் தாண்டி 8 செ.மீ. இறங்கினால் போதும். 28 செ.மீ. தடிப்புள்ள மெத்தைக்கு அது 36 செ.மீ. இரு பக்கமும் தொங்கினால் அகலம் 107 + 36 + 36 = 179. உங்கள் கட்டிலில் சுவர்ப் பக்கம் 36 தேவையில்லை. அங்கே மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் செருக 20 போதும். ஆக அகலம் 163. நீளம் 188 + கால்மாட்டில் 36 = 224. தலையணையையும் விரிப்பாலேயே மூடி, அதன் அடியில் மடித்துச் செருகுவீர்கள் என்றால் நீளத்தில் இன்னும் 45 முதல் 50 சேர்க்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

நைட் ஃப்ரில் இல்லை, தரைவரை தொங்க வேண்டும் என்றால் கணக்கு மாறும். மேல்மட்டம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் என்றால் 58 தொங்கவிடுங்கள். அந்த 2 செ.மீ. இடைவெளி இல்லாவிட்டால் தரை துடைக்கும் ஈரம் ஓரத்தில் ஏறிக் கறுப்புக் கோடு விழும்.

கடையில் 163 கிடைக்காது. 180 அகலம் வாங்கி, மீதியைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளி மெத்தைக்கு அடியில் மடித்துவிடுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): கிரே ஸ்ட்ரீட் பக்கம் 112 செ.மீ. அகலமுள்ள பருத்தித் துணி நல்லதாகக் கிடைத்திருக்கிறது. டபுள் கட்டிலுக்கு நானே தைக்க எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்? நடுவில் தையல் வந்தால் பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டோம். நடுத் தையல் பார்வைக்கு அறையையே இரண்டாகப் பிளக்கும். அதோடு ஆள் படுக்கும், உட்காரும் இடத்திலேயே இழுவை விழுவதால் முதலில் பிரிவதும் அந்தத் தையல்தான். துணியின் முழு அகலத்தை நடுவில் வைத்து, இன்னொரு நீளத்தை நெடுக இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் ஒரு பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

கணக்கு இது. நடுத்துண்டு 112-இல் இரு பக்கத் தையலுக்கும் ஒன்றரை ஒன்றரையாக 3 போனால் 109. பக்கத்துண்டு ஒவ்வொன்றும் 56, தையலுக்கு 1.5, ஓர மடிப்புக்கு 3 போனால் 51.5. மொத்தம் 109 + 103 = 212 செ.மீ. உங்கள் 137 மெத்தையில் அது பக்கத்துக்கு 37.5 செ.மீ. தொங்கும். 30 செ.மீ. மெத்தையைத் தாராளமாக மூடும். கால்மாட்டிலும் அதே 37.5 வைத்தால் நீளம் 225.5, மடிப்புக்கு இரு முனையிலும் மூன்று மூன்றாக 6 சேர்த்து 231.5. பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், 231.5 மிஞ்ச வேண்டுமானால் வெட்டுமுன் 244 வேண்டும். இரண்டு நீளம், 488. ஐந்து மீட்டர் வாங்குங்கள். பெரிய பூ வேலை என்றால் பூ எத்தனை செ.மீ.க்கு ஒரு முறை திரும்ப வருகிறது என்று அளந்து, அதையும் ஒரு தடவை கூட்டுங்கள். 60-க்கு ஒருமுறை வந்தால் 5.6 மீட்டர். இல்லாவிட்டால் இணைப்பில் பாதிப் பூவும் முழுப் பூவும் முட்டிக்கொண்டு நிற்கும்.

அகலமும் சுருங்கும். ஆகவே வெட்டுவதற்கு முன் முழுத் துணியையும், பிற்பாடு எந்தச் சூட்டில் துவைப்பீர்களோ அதே சூட்டில் ஒருமுறை துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். இதைத் தவிர்த்தவர்களுக்கு நூல் ஒரு மாதிரியும் துணி ஒரு மாதிரியும் சுருங்கித் தையல் நெடுகக் கொசுவம் விழும். துவைத்த பிறகு மறுபடி அகலத்தை அளந்து, 107 ஆகிவிட்டிருந்தால் அதற்கேற்பக் கணக்கைத் திருத்துங்கள். பக்கத் தொங்கல் 5 செ.மீ. குறையும், மெத்தை அப்போதும் மறையும். துணியின் கரையை வெளி ஓரத்தில் விடாமல் தையலுக்குள் தள்ளிவிடுங்கள், அல்லது வெட்டி எடுத்துவிடுங்கள். கரை நெருக்கமாக நெய்தது. மற்றத் துணியோடு ஒரே அளவில் சுருங்காது.

கேள்வி (லெனேஷியா): குளிர்காலத்தில் விரிப்பைத் தொட்டாலே பட்டென்று அடிக்கிறது. ராத்திரியில் வழுக்கித் தரைக்குப் போய்விடுகிறது. கனமானதாக வாங்கினால் சரியாகுமா?

பதில்: கனம் கூட்டினால் இன்னும் வேகமாக வழுக்கும். உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றே: பாலியெஸ்டர் போர்வைமேல் பாலியெஸ்டர் விரிப்பு. நீங்கள் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்காலம் மழையில்லாத காலம், காற்று வறண்டு கிடக்கும். செயற்கை இழைகள் உரசி உண்டாகும் மின்னேற்றம் கசிந்து போகக் காற்றில் ஈரம் இல்லை. டர்பனில் இருக்கும் உங்கள் உறவினர் அதே விரிப்பைப் போட்டால் ஒன்றும் தெரியாது.

அடுக்கை மாற்றுங்கள். ஃப்ளீஸ் போர்வைக்கும் விரிப்புக்கும் நடுவில் ஒரு பருத்தி ஷீட் போடுங்கள், அல்லது அடிப்பக்கம் பருத்தியாக உள்ள விரிப்பைத் தேடுங்கள். கால்மாட்டில் 15–20 செ.மீ. மெத்தைக்கு அடியில் செருகுங்கள்; அதற்கான நீளத்தையும் கூட்டி வாங்க வேண்டும்.

மின்சாரப் போர்வை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். படுக்கும்போது விரிப்பைக் கால்மாட்டில் மடித்துக் குவிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கீழே மின்சாரப் போர்வை ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் குவியலுக்கு அடியில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கும். விரிப்பை முழுவதும் எடுத்து நாற்காலியில் போடுங்கள்.

கேள்வி (இசிபிங்கோ): பெட்டியில் மடித்து வைத்த நல்ல விரிப்பில் கறுப்புப் புள்ளிகள். துவைத்தும் போகவில்லை.

பதில்: அது பூஞ்சணம். டர்பன் கடற்கரையில் கோடைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். கையில் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் தடித்த ஓரங்களிலும், பஞ்சு வைத்துத் தைத்த குவில்ட் தையல்களிலும் ஈரம் மிச்சமிருக்கும். பிளாஸ்டிக் பைக்குள் போனால் அந்த ஈரமும், கஞ்சியும், வியர்வையும் சேர்ந்து பூஞ்சணத்துக்கு உணவு.

வெள்ளைப் பருத்தி என்றால் ஜிக் போன்ற குளோரின் ப்ளீச்சைப் புட்டியில் எழுதிய அளவுக்கு நீரில் கலந்து ஊறவைக்கலாம். வினிகரையோ அமோனியா உள்ள எதையுமோ அதோடு கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். வண்ணப் பருத்திக்கு ஆக்சிஜன் ப்ளீச் தூளை, லேபிள் அனுமதிக்கும் சூட்டில், 40 முதல் 60 டிகிரி நீரில் கரைத்து, சில மணி நேரம் ஊறவையுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இரண்டுமே ஆகாது. பழைய கறை சில சமயம் நிழலாகத் தங்கிவிடும். நாற்றம் போய்விட்டால் பயன்படுத்தலாம்.

இனிமேல் வைக்கும்போது, வெயிலில் உலர்த்தியதும் ஒரு மணி நேரம் அறைக்குள் விரித்துப் போட்டு சூடு ஆறிய பிறகு, பழைய பருத்தித் தலையணை உறைக்குள் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி என்றால் பின்னால் 5 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். ஈரக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை: பஞ்சு அடைத்த தடித்த விரிப்பே வேண்டாம். சதுர மீட்டருக்கு 150–200 கிராம் எடையுள்ள ஒற்றைப் பருத்தி விரிப்பு ஒரே பகலில் காயும்.

கேள்வி (டோங்காட்): ஆயாவின் காஞ்சிபுரம் பட்டுச் சேலையைக் கட்டில் விரிப்பாகத் தைக்கலாமா?

பதில்: தினப் புழக்கத்துக்கு வேண்டாம். ஜரிகை உலோகம் சுற்றிய நூல். அதன்மேல் உட்கார்ந்து எழுந்தால் அறுந்து சிலிர்க்கும். பட்டு வெயிலில் இற்றுப்போகும். முதலில் மடிப்பு விழுந்த இடத்தை இரு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் சேலையை அப்படியே சுருட்டி வைத்துவிடுவது மேல்.

உறுதியாக இருந்தால் வெட்டாமலே ஒரு வழி உண்டு. ஐந்தரை மீட்டரை நீளவாக்கில் பாதியாக மடித்தால் 275 செ.மீ.; அகலத்தையும் பாதியாக மடித்தால் ஏறக்குறைய 57. குவீன் கட்டிலின் கால்மாட்டில் குறுக்கே போட்டால் இரு பக்கமும் சுமார் 61 தொங்கும். கட்டில் தாழ்வு என்றால் முனையை உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே துவைத்துச் சுருங்கிய பருத்தித் துணியில் வைத்து, கையால் நீளத் தையல் போட்டுப் பிடியுங்கள். எப்போது வேண்டுமானாலும் நூலை உருவிச் சேலையைத் திரும்ப எடுக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள். படுக்குமுன் எடுத்துவிடுங்கள். ஆயாவின் பருத்திச் சேலைகள் இருந்தால் அவற்றைத் தாராளமாக இரண்டு அடுக்காகத் தைத்து தினமும் போடுங்கள். பல தடவை துவைத்த பருத்தியின் மென்மை புதுத் துணியில் கிடைக்காது.

கேள்வி (நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்): ஒரே வருடத்தில் விரிப்பின் ஒரு பாதி மட்டும் வெளுத்துவிட்டது. ஜன்னல் வடக்குப் பக்கம்தான், வெயில் வராதே?

பதில்: வடக்கு என்பதால்தான் வருகிறது. தெற்கு ஜன்னலில் வெயில் என்று இந்தியாவில் எழுதும் வீட்டுக் குறிப்புகளை இங்கே தலைகீழாகப் படிக்க வேண்டும். ஜூன் மாத நண்பகலில் உங்கள் ஊரில் சூரியன் வடக்கே, அடிவானத்திலிருந்து சுமார் 37 டிகிரியில்தான் நிற்கும். ஜன்னலின் மேல்விளிம்பு 2.1 மீட்டர், கட்டில் 60 செ.மீ. உயரம் என்றால், சுவரிலிருந்து 2 மீட்டர்வரை கட்டிலின்மேல் நேர்வெயில் விழும். டிசம்பரில் சூரியன் ஏறத்தாழ உச்சிக்குப் போய்விடுவதால் அதே ஜன்னலில் நண்பகல் வெயில் ஒரு சாண் உள்ளே வந்தால் அதிகம்.

குளிர்காலத்தில் 10 மணி முதல் 3 மணிவரை மெல்லிய திரையாவது இழுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை தலைமாடு கால்மாடாக விரிப்பைத் திருப்பிப் போடுங்கள். அடுத்து வாங்கும்போது அச்சடித்ததை விட்டு, சாயமிட்ட நூலில் நெய்ததைப் பாருங்கள். அச்சு துணியின் மேல்பரப்பில் மட்டும் இருக்கும். பூவோ கட்டமோ பின்பக்கமும் அதே வண்ணத்தில் தெரிந்தால் பெரும்பாலும் நூலே சாயமிட்டது.

கேள்வி (வெருலம்): ஆயிரம் த்ரெட் கவுண்ட் என்கிறார்கள். நல்லதா?

பதில்: த்ரெட் கவுண்ட் என்பது ஒரு சதுர அங்குலத் துணியில் உள்ள நூல்களின் எண்ணிக்கை. மெல்லிய நூல்கள் பலவற்றை முறுக்கி ஒன்றாக்கி, ஒவ்வொன்றையும் தனியாக எண்ணினால் ஆயிரம் வரும். விரிப்புக்கு அந்த எண்ணைவிட ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதே பயன். 230 × 250 செ.மீ. விரிப்பின் பரப்பு 5.75 சதுர மீட்டர். 350 கிராம் துணி என்றால் காய்ந்த எடை 2 கிலோ. எடையை மெஷின் தாங்கும், பருமன்தான் இடிக்கும். விரிப்பை உள்ளே போட்டபின் டிரம்மின் மேல்பக்கம் மூன்றில் ஒரு பங்கு காலியாக இல்லாவிட்டால் சோப்பு அலசிப் போகாது.

கேள்வி (ஸ்டாங்கர்): நலங்கு முடிந்து கட்டிலில் உட்கார்ந்ததில் வெளிர் விரிப்பில் மஞ்சளும் எண்ணெயும். சோப்புப் போட்டதும் சிவப்பாக மாறிவிட்டது!

பதில்: பயப்படாதீர்கள். மஞ்சளின் நிறமி காரம் பட்டால் சிவக்கும். அலசினால் மறுபடி மஞ்சளாகும். முதலில் எண்ணெயை எடுங்கள்: பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையில் தேய்த்து 15 நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான நீரில் துணியின் பின்பக்கத்திலிருந்து அலசுங்கள். பிறகு வழக்கம்போல் துவைத்து, ஈரத்தோடு நேர்வெயிலில் கறை மேலே தெரியும்படி போடுங்கள். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. இரண்டு மூன்று பகல் தேவைப்படலாம். கறை முழுதும் போகும்வரை டிரையரிலும் போடாதீர்கள், இஸ்திரியும் வைக்காதீர்கள். சூடு பட்ட எண்ணெய் துணியில் ஊன்றிவிடும்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): அறை 3 × 3 மீட்டர்தான், கட்டில் டபுள். எந்த நிறம் போட்டால் பெரிதாகத் தெரியும்?

பதில்: உங்கள் டபுள் மெத்தை 2.6 சதுர மீட்டர். அறையின் 9 சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த அறையில் சுவருக்கு அடுத்துக் கண்ணில் படும் நிறப்பரப்பு விரிப்புதான். ஆகவே சுவரின் நிறத்துக்கு அருகில், ஒரு படி அடர்ந்ததாகப் போங்கள். அடர்சிவப்பு பிடிக்கும் என்றால் அதைத் தலையணை உறையில் வையுங்கள். பூ வேலை உள்ளங்கை அளவுக்கு மேல் வேண்டாம். தரைவரை தொங்கவிடாமல் கட்டிலுக்கு அடியில் தரை கொஞ்சம் தெரியட்டும், இடம் அகலும். கடை விளக்கு பெரும்பாலும் வெள்ளை, வீட்டு பல்ப் மஞ்சள். அதே பச்சை வீட்டில் பழுப்படிக்கும். மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு, சீட்டையும் லேபிளையும் கிழிக்காமல் கொண்டுவந்து, இரவு உங்கள் விளக்கில் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.