அரங்குக்கு வெளியே ஒன்பது வருடம்: ஒரு செஸ் அம்மாவிடம் கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயிற்சியாளர் இல்லை. குதிரை எப்படிப் போகும் என்று தெரியும், அவ்வளவுதான். மகளைக் கூட்டிக்கொண்டு ஒன்பது வருடம் ஊர் ஊராகப் போட்டிகளுக்கு அலைந்திருக்கிறேன். சிசிலியன் மாதிரி ஆட்டத் தொடக்கங்கள் பற்றிக் கேட்பதென்றால் அவளிடம் கேளுங்கள். அரங்குக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருப்பது பற்றி என்றால் நான் சொல்கிறேன்.

விருதுநகரிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு ஏழு வயது. தெருவில் அவனை ஜெயிக்க ஆளில்லை. அடுத்த மாதம் முதல் போட்டி. எதற்குத் தயாராகணும் அக்கா?

தோற்பதற்கு. நிஜமாகத்தான் சொல்கிறேன். பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கும். ரேட்டிங் என்பது ஒருவருடைய ஆட்டத் திறனைக் காட்டும் எண். முதல் சுற்றில் ரேட்டிங் வரிசைப் பட்டியலை நடுவில் இரண்டாகப் பிரித்து, மேல் பாதியின் முதல் ஆளைக் கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு மோதவிடுவார்கள். ரேட்டிங் இல்லாத உங்கள் பையன் கீழ்ப் பாதியில்தான் இருப்பான், அதனால் முதல் ஆட்டமே பலமான ஆளோடு அமையும். ஆனால் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதில்லை. அடுத்த சுற்றில் தன்னளவு புள்ளி எடுத்தவனோடு ஆடுவான். இரண்டு மூன்று சுற்றுக்குள் அவனுக்கேற்ற ஜோடி கிடைத்துவிடும்.

வீட்டில் பழக்க வேண்டியவை சில உண்டு. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். தாத்தாவோடு ஆடும்போது "இல்ல இல்ல, வேற" என்று திருப்பி வைக்கும் சலுகையை இன்றோடு நிறுத்துங்கள். காயை நகர்த்திய கையாலேயே, இருவர் நேரத்தையும் காட்டும் ஆட்டக் கடிகாரத்தை அமுக்க வேண்டும். அப்புறம், பாத்ரூம் போகணும் என்றால் ஆர்பிட்டரிடம், அதாவது நடுவரிடம், கையைத் தூக்கிக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு, அவசரத்தில் ராணியைக் கோட்டை விட்ட குழந்தைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

திருச்சியிலிருந்து ஓர் அப்பா: தோற்றுவிட்டு வெளியே வந்ததும் தேம்பித் தேம்பி அழுகிறான். ஒன்பது வயது. என்ன சொல்லித் தேற்றுவது?

ஒன்றும் சொல்லாதீர்கள். முதல் பத்து நிமிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினால் போதும். என் கைப்பையில் கடலை மிட்டாய் எப்போதும் இருக்கும். அழுகை முடியும்போது பசி வரும், அது நிச்சயம்.

ஒன்று சொல்கிறேன். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஹோட்டலில் இன்னொரு கரண்டி சாம்பார் வேண்டுமென்றால்கூட என் முந்தானையைப் பிடித்து இழுத்து என்னைக் கேட்கச் சொல்கிறவள். ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி, அதில் ஆறேழு பெற்றோர் முகம். எங்கள் முறை வரும்போது எட்டிப் பார்த்துக்கொள்வோம். எதிரே இருந்த பையன் அவளைவிடப் பெரியவன். தன் ராஜாவுக்குச் செக் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தைத் தட்டிவிட்டான். இவள் பலகையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கடிகாரத்தை நிறுத்தினாள். அப்புறம் மெல்ல, காது உயரத்துக்கு மட்டும், கையைத் தூக்கினாள். யாரும் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். ஆர்பிட்டர் வந்தார், இவள் ஏதோ சொன்னாள், அவர் குனிந்து பார்த்துவிட்டு இவள் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் கூட்டி வைத்தார். விதிப்படி முதல் தவறான நகர்வுக்கு அதுதான் தண்டனை. அதே ஆள் இரண்டாவது தடவை செய்தால் ஆட்டமே போய்விடும்.

அந்த ஆட்டத்தில் அவள் தோற்றாள். அழுதுகொண்டேதான் வெளியே வந்தாள். ராத்திரி அவள் அப்பாவுக்கு போன் போட்டவள் புள்ளி எத்தனை என்று சொல்லவே மறந்துபோனேன். "ஏங்க, கையைத் தூக்கினா, தானா கையைத் தூக்கினா" என்றே மூன்று தடவை சொன்னேனாம்.

உங்கள் பையன் போன மாதம் எவ்வளவு நேரம் அழுதான், இந்த மாதம் எவ்வளவு நேரம்? அதைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து ஓர் அம்மா: மகளின் ரேட்டிங் 1612இலிருந்து 1520க்கு வந்துவிட்டது. அவள் அப்பா இத்தோடு நிறுத்தலாம் என்கிறார்.

அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 18 வயது ஆகும் வருடம் முடியும்வரை, ரேட்டிங் 2300ஐத் தொடாத பிள்ளைகளுக்கு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே வைத்திருக்கும் பெருக்கு எண் 40. அதாவது சம ரேட்டிங் உள்ளவரிடம் ஜெயித்தால் 20 புள்ளி ஏறும், தோற்றால் 20 இறங்கும். அதே அளவில் ஆடும் பழைய பெரியவர்களுக்கு அதில் பாதிதான். ஆக, 92 புள்ளி என்பது நாலைந்து ஆட்டம். ஒரு வாரம் காய்ச்சலோடு ஆடினால் போய்விடுகிற புள்ளி. அது போக, 1450 என்று எழுதியிருக்கும் பத்து வயதுப் பொடியன்களில் பாதிப் பேர் நிஜத்தில் அதைவிட நன்றாக ஆடுகிறவர்கள். அவர்களுடைய எண் இன்னும் மேலே வந்து சேரவில்லை, அவ்வளவுதான். உங்கள் மகள் யாரிடம் தோற்றாள் என்று பாருங்கள்.

கோவையிலிருந்து ஓர் அப்பா: நான் ஒவ்வொரு ஆட்டத்தையும் போனில் என்ஜினில் (செஸ் ஆடும் கணினி நிரலில்) போட்டுப் பார்த்துத் தவறுகளை உடனே சொல்கிறேன். மகன் இப்போது பேசுவதே இல்லை.

பேச மாட்டான்தான் சார். மூன்று மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறவனிடம் "23ஆவது நகர்வுல ராணிய ஏன் அங்க வச்ச?" என்றால் யாருக்குத்தான் பேசத் தோன்றும்? அந்த வேலையை அவனுடைய கோச் நாளைக்குச் செய்யட்டும்.

நீங்கள் அவன் நகர்வுகளை எழுதிய தாளைப் பாருங்கள். என் மகள் ஒன்பது வயதில் எழுதிய தாள்கள் பீரோவில் இருக்கின்றன. இருபதாவது நகர்வு வரை குண்டு குண்டாக எழுத்து. அப்புறம் கோணும், கட்டத்தை விட்டு வெளியே போகும், ஓரிடத்தில் பேனா அழுந்திக் கீழ்த்தாள்வரை பதிந்திருக்கும். ஆட்டம் புரியாத எனக்கே அவள் எங்கே பயந்தாள் என்று அதில் தெரியும். அடுத்த வருடத் தாள்களில் அந்தக் கோணல் முப்பதுக்கு மேல்தான் தொடங்குகிறது.

சென்னையிலிருந்து ஓர் அம்மா: மகளோடு போக வேலையை விடலாமா என்று யோசிக்கிறேன். குகேஷின் அப்பா செய்தது மாதிரி.

அவர் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர். தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு மகனோடு ஊர் சுற்றினார், உண்மை. ஆனால் அந்த வீட்டில் அம்மாவின் சம்பளம் இருந்தது. குகேஷ் 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், 18 வயதில், 2024 டிசம்பரில், சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனவர். கடைசியில் ஜெயித்த கதைகள் மட்டும்தான் நம் காதுக்கு வருகின்றன. அதே மாதிரி வேலையை விட்டுவிட்டு இப்போது கடனைக் கட்டிக்கொண்டிருப்பவர்களோடு நான் டீ குடித்திருக்கிறேன். மகள் பத்தாவது முடிக்கும்வரை சம்பளமில்லா விடுப்பு, தாத்தா பாட்டி, இன்னொரு செஸ் அம்மா என்று ஓட்டிப் பாருங்கள். நான் அப்படித்தான் ஓட்டினேன்.

என்னைக் கேட்டால் நமக்கெல்லாம் படம் 2023 உலகக் கோப்பையில் பாகுவில் எடுத்ததுதான். பிரக்ஞானந்தாவைச் சுற்றி நிருபர்கள். அவருடைய அம்மா நாகலட்சுமி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஓரம்தான் நம் இடம் என்று எனக்குத் தோன்றியது.

ஈரோட்டிலிருந்து: பதக்கம் வாங்கியதை ஸ்டேட்டஸில் வைக்கலாமா? கண் படுமா?

தாராளமாக வையுங்கள். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. கண் படுவது பற்றி உங்கள் மாமியாரிடம் கேளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா: பதினைந்து வயது மகள், இனிமேல் போட்டிக்கு நீ வராதே என்கிறாள். மனசு ஒடிந்துபோச்சு அக்கா.

எனக்கும் இது நடந்தது. போன வருடம் புவனேஸ்வரில் ஒரு போட்டி. இரண்டு தோழிகளோடு ரயிலில் போகிறேன் என்றாள், அவளுக்குப் பதினாறு. ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு வந்து, புளிக்காய்ச்சல் டப்பா மேஜையிலேயே இருப்பதைப் பார்த்தபோது கொஞ்சம் அழுதேன். ஐந்து நாளும் வீட்டில் இருந்துகொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்டி முடிவுகள் வரும் செஸ் ரிசல்ட்ஸ் தளத்தைத் திறந்து பார்த்தேன். கதவுக் கண்ணாடியே மேல், அதில் முகமாவது தெரியும்.

நான்காம் நாள் இரவு, நான் கேட்காமலே, அன்றைய தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். 71 நகர்வு, டிரா. பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னச் சின்ன எழுத்து, வரிசையாக இருந்தது. 58ஆவது நகர்வில் மட்டும் கொஞ்சம் கோணல். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்று மட்டும் அனுப்பினேன்.