வயலை ஈடு வைக்க வேண்டாம், வெல்டிங்கைச் சோதிக்கப் படிக்கட்டும்

முள்ளியவளையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் கணிதப் பிரிவில் இரண்டாம் தடவையும் உயர்தரம் எழுதிவிட்டான். பௌதிகவியலில் சி, மற்ற இரண்டிலும் எஸ், அதாவது சாதாரண சித்தி. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவு செய்யப் பார்க்கும் இசட் புள்ளி காணாது. கொழும்பில் தனியார் பொறியியல் பட்டம் படிக்க, கனடாவில் இருக்கும் மாமா பாதிக் காசு தருகிறாராம். மீதிக்குத் தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழ் உள்ள வயலை ஈடு வைக்கலாமா என்று கேட்கிறார். பெடியனோ நாள் முழுக்க மோட்டர் வைண்டிங் கடையிலேயே கிடக்கிறானாம். "எப்படியாவது அவனைத் திருத்துங்கோ சேர்" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் விளங்குகிறது. ஆனாலும் ஒளிக்காமல் சொல்கிறேன், வயலை ஈடு வைக்க வேண்டாம். வட்டி முதல் மாதமே தொடங்கிவிடும். சம்பளம் நாலு வருடம் கழித்து, அதுவும் வேலை கிடைத்தால். மாமா மனம் நல்ல மனம்தான். ஆனால் அங்கே அவருக்கு வேலை நின்றால் இங்கே அந்தப் பாதியும் நின்றுவிடும், அரைவாசியில் விட்ட பட்டத்தை எவரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். இரண்டு தடவையும் கணிதத்தில் எஸ் எடுத்த பிள்ளையை இன்னும் நாலு வருடம் கணிதத்துக்குள்ளேயே அமிழ்த்துகிற படிப்பு அது என்பதையும் யோசியுங்கள். "பட்டம் இல்லாட்டி ஆர் மதிப்பினம்" என்று கேட்கிறவர்கள் யாரும் உங்கள் கடனைக் கட்ட வரப்போவதில்லை.

எரிந்த தண்ணிப் பம்ப் மோட்டரைக் கழற்றி, பழைய கம்பியின் சுற்றுக்களை எண்ணி எழுதி வைத்து, அதே எண்ணிக்கையில் புதுக் கொயில் சுற்றுவான், ஒரு சுற்றுப் பிழைத்தாலும் அவிழ்த்துவிட்டு முதலில் இருந்து தொடங்குவான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைக் குறையாக எழுதினீர்கள். எனக்கு அதுதான் அவனுடைய பெரிய தகுதியாகத் தெரிகிறது.

சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், நுரைச்சோலை அனல்மின் நிலையம், கொழும்புக் கப்பல் கட்டும் தளம் போன்ற இடங்களில் வெல்டிங் செய்து பொருத்திய பைப்புகள் ஏராளம். வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் வெட்டிப் பார்க்க முடியாது. வெட்டாமல், உடைக்காமல் பார்க்கும் வேலைக்குப் பெயர் அழிவில்லாச் சோதனை. தொழிலில் என்.டி.ரி என்பார்கள். அதில் பல முறைகள் உண்டு. உங்கள் மகனுக்கென்றே அமைந்ததுபோல் எனக்குப் படுவது எடி கரன்ட், அதாவது சுழல் மின்னோட்ட முறை.

மோட்டரின் இரும்பு அகணியை மெல்லிய தகடுகளாக அடுக்கியிருப்பதை அவன் தினமும் பார்க்கிறான். ஒரே கட்டி இரும்பாக இருந்தால் அதற்குள் மின்னோட்டம் சுழன்று சூடாக்கி வீணாக்கும், அதனால்தான் தகடு. மோட்டரில் வேண்டாம் என்று தடுக்கிற அதே சுழல் மின்னோட்டத்தை இங்கே வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். சிறிய கொயில் ஒன்றில் ஆடலோட்டம் செலுத்தி உலோகத்தின் மேல் வைத்தால், உலோகத்தின் மேற்பரப்பில் மின்னோட்டம் சுழலும். வெடிப்பு குறுக்கிட்டால் அது சுற்றிப் போக வேண்டிவரும். அந்த மாற்றம் கொயிலின் மின்தடங்கலில் தெரியும், கருவியின் திரையில் புள்ளி நகரும்.

வேலை தொடங்குமுன் அதே வகை உலோகக் கட்டையில் அரை மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் வெட்டிய கோடுகளில் அந்தக் கொயில் உள்ள புரோப்பை ஓட்டிக் கருவியைச் சரிசெய்வார்கள். புரோப்பைத் தூக்கினால் புள்ளி பக்கவாட்டில் ஓட வேண்டும், வெடிப்பு வந்தால் மேலே பாய வேண்டும். அப்புறம் பைப்பும் வெல்டிங்கும் சேரும் ஓரத்தில் மெதுவாக நகர்த்துவார்கள், வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். வெல்டிங் உலோகத்தின் காந்தத் தன்மை இடத்துக்கிடம் மாறுவதால் சாதாரண கொயில் பொய்யாகவும் துள்ளும். அதற்காகவே குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய இரட்டைக் கொயில் புரோப் இருக்கிறது. பெயின்ற் மெல்லியதாக இருந்தால் சுரண்டத் தேவையில்லை, கதிர்வீச்சு ஆபத்தும் கிடையாது. ஆனால் மேற்பரப்பிலும் அதற்குச் சற்றுக் கீழும் உள்ள குறைதான் அகப்படும். ஆழத்தில் இருப்பதற்கு அல்ட்ராசோனிக் அல்லது எக்ஸ்ரே வேண்டும்.

ஆகவே எடி கரன்ட் மட்டும் கையில் இருந்தால் வேலை கிடைப்பது கடினம். முதலில் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலோ, தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையம் ஒன்றிலோ இயந்திரவியல், மின்னியல், வெல்டிங் இவற்றில் ஒன்றை என்.வி.கியூ என்ற தேசியத் தொழில் தகைமைத் தரத்துக்கு முடிக்கட்டும். பிறகு களனியில் இலங்கை அணுசக்திச் சபை நடத்தும் அழிவில்லாச் சோதனை நிலையத்தில் சாயம் ஊடுருவும் முறை, காந்தத் துகள் முறை, அல்ட்ராசோனிக் என்று தொடங்கி எடி கரன்ட்டுக்கு வரட்டும். மாமாவின் காசு தேவைப்படுவது இந்தக் கட்டத்தில், அதுவும் அவர் சொன்ன தொகையில் சிறு பங்குதான்.

சான்றிதழ் விஷயத்தில் கவனம். ஐ.எஸ்.ஓ 9712 என்ற தரத்தின்படி மூன்று நிலைகள். முதலாம் நிலைக்காரர் மேல்நிலைக்காரரின் மேற்பார்வையில் அளப்பார். முடிவைத் தீர்மானித்துக் கையொப்பம் இடுவது இரண்டாம் நிலைக்காரர். வகுப்பு முடித்தால் போதாது, வேலை அனுபவமும் காட்ட வேண்டும். சான்றிதழ் 5 வருடம் செல்லும். வேலை கொடுப்பவரே வழங்குகிற இன்னொரு வகைச் சான்றிதழும் உண்டு, கம்பனியை விட்டு விலகினால் அது பயன்படாது. சில நாட்களில் எல்லா முறைக்கும் சான்றிதழ் தந்து கட்டாருக்கு அனுப்புகிறோம் என்று எவராவது வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கஷ்டமும் இருக்கிறது. ஆலையை நிறுத்தித் திருத்தும் காலத்தில் இரவு பகல் வேலை. சூடு, உயரம், இடுக்கு. ஒப்பந்தம் முடிந்தால் சில மாதம் சும்மா இருக்க நேரலாம். அறிக்கை எல்லாம் ஆங்கிலம், அதை இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். பிழையான வெல்டிங்கைச் சரி என்று எழுதச் சொல்லி மேலே இருந்து நெருக்குவார்கள், மறுக்கிற துணிவு வேண்டும். ஒரு சுற்றுப் பிழைத்ததற்கு முழுக் கொயிலையும் அவிழ்க்கிற பிள்ளைக்கு அது வரும் என்று நம்புகிறேன்.

எதற்கும் முதல் முல்லைத்தீவு வைத்தியசாலையில் அவன் கண்ணைக் காட்டுங்கள். மிகச் சிறிய எழுத்தை 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்து வாசிக்க வேண்டும், கண்ணாடி போட்டும் வாசிக்கலாம். நிறங்களைப் பிரித்தறிவதையும் பார்ப்பார்கள். நிறத்தில் குறை இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம்.