அம்மம்மாவின் பேச்சை மாற்ற வேண்டாம்

தங்கச்சி, கதையில் அம்மம்மா பேசுகிற மட்டக்களப்புத் தமிழ் வெளியூர் வாசகருக்கு விளங்காதே, நூல்தமிழுக்கு மாற்றவா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றாதீர்கள். பேரனிடம் "இப்ப நேரமில்ல, மறுகா வாறன் மனே" என்று சொல்லிக்கொண்டே அவர் படலையைச் சாத்தட்டும். 'மறுகா' என்றால் 'பிறகு' என்பது எவருக்கும் பிடிபட்டுவிடும். அடைப்புக்குறிக்குள் பொருள் போட்டால் காட்சி அறுந்துபோகும். நானும் ஒரு காலத்தில் அப்படிப் போட்டு நல்லதொரு கதையைக் கெடுத்திருக்கிறேன். கதை சொல்லும் நடை மட்டும் எளிய எழுத்துத் தமிழாக இருக்கட்டும்.

அப்புறம், மட்டக்களப்பின் மீன் பாடும் வாவியை எல்லோரும் எழுதியாயிற்று. கல்லடிப் பாலத்தடியில் விடியற்காலை வலை உதறும் சத்தத்தை எழுதுங்கள். உரையாடலை அம்மம்மாவுக்கே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், எங்கே பிசகுகிறது என்று உடனே சொல்லிவிடுவார்.