சுக்காவோடு ஷிராஸ் எரிவது ஏன்?
வணக்கம். 14.5% ஆல்கஹால் உள்ள ஆஸ்திரேலிய ஷிராஸ் சிவப்பு வைனை மட்டன் சுக்காவோடு குடித்தபோது வாய் எரிந்து கசந்தது, பாட்டில் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். வைனில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைக் கூட்டிவிடும். அந்த எரிச்சலில், திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வைனுக்கு வரும் டானினின் துவர்ப்பும் கசப்பாகத் தெரியும்.

அடுத்தது சூடு. மதுரை வெயிலில் அலமாரியில் இருந்த பாட்டில் 32 டிகிரியில் இருக்கும், ஆல்கஹால் நெடிதான் முந்தி வரும். ஃப்ரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய 17 டிகிரிக்கு இறங்கும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றிவிட்டு, பாட்டிலைத் திரும்ப உள்ளே வையுங்கள்.

சுக்காவைக் கைவிடவே வேண்டாம்! அரைக் கிலோ கறிக்கு வரமிளகாய் இரண்டு போதும். கடைசியில் இரண்டு டீஸ்பூன் மிளகை இடித்துப் போடுங்கள். மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் ஷிராஸிலும் உண்டு, இரண்டும் அவ்வளவு அழகாகச் சேரும். கொழுப்புள்ள நெஞ்சுக்கறியாக வாங்குங்கள். கறியின் புரதமும் கொழுப்பும் உப்பும் துவர்ப்பை மழுக்கும். நல்லி எலும்பு இன்னும் நல்லது.

அயிரை மீன் குழம்போடு மட்டும் வேண்டாம். வைனிலுள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்பும். ஜிகர்தண்டாவின் இனிப்புக்குப் பிறகு குடித்தால் வைன் புளிக்கும்.