மெக்கானிக் வேலை தெரியாத ஒருவர் பழைய மாருதி 800-இன் வயரிங்கையும் கியர்பாக்ஸையும் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேட்டவர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வேலந்தாவளத்துக்காரர். அப்பா ஓட்டிய 1997 மாடல் 800, தமிழ்நாட்டுப் பதிவு, பல வருடமாக ஷெட்டில் நிற்கிறதாம். ஹெட்லைட் மங்கல், ஃப்யூஸ் அடிக்கடி போகிறது, இரண்டாவது கியர் போட்டால் கறகறவென்று சத்தம். வயரிங் செட்டை மொத்தமாக மாற்றி, கியர்பாக்ஸையும் இறக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்களாம்.

முடியும். வயரிங் வேலையை முழுக்க நீங்களே செய்யலாம். கியர்பாக்ஸில் முக்கால்வாசி செய்யலாம். பேரிங்கை அழுத்தி ஏற்றி இறக்க மட்டும் பிரஸ் உள்ள பட்டறைக்குப் போக வேண்டும். ஆனால் வயரிங் செட்டை மாற்றுவதற்கும் கியர்பாக்ஸை இறக்குவதற்கும் இப்போதே ஒத்துக்கொள்ளாதீர்கள். நானும் அதே மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் விவசாயம் பார்க்கிறவன். சித்தப்பா விட்டுப்போன கார்புரேட்டர் 800 ஒன்றை என் கையாலேயே ஓட்டத்துக்குக் கொண்டுவந்தேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: இந்த வண்டியில் பெரும்பாலான கோளாறு வயரின் நடுவிலோ கியர்பாக்ஸின் வயிற்றிலோ இருப்பதில்லை. வயர் பாடியைத் தொடும் இடம், வயர்களை இணைக்கும் கப்ளர், கிளட்ச் கேபிள், கியர் ராடின் மூட்டில் இருக்கும் புஷ் என்று ஒன்றோடு ஒன்று சேரும் இடங்களில்தான் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் பாதிச் செலவு மிஞ்சும்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஆர்சி புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பதினைந்து வருடம் தாண்டிய கார் என்பதால் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே பதிவை மாற்றியாக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு சொல்கிறது. நம் பக்கம் பாதிச் சொந்தம் வாளையாறு எல்லைக்கு அந்தப் புறம், தமிழ்நாட்டில் இருப்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டியில் பணம் போட்ட பிறகு காகிதம் சரியில்லை என்று தெரிந்தால் வயிறு எரியும். அப்பா பெயரிலிருந்து மாற்றுவதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

வயரிங்கை முதலில் பாருங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடினால்தான் கியர்பாக்ஸில் என்ன குறை என்று கண்டுபிடிக்க முடியும். கார்புரேட்டர் வண்டி உங்களுக்குப் பெரிய வசதி. இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு வயரும் ஒரு வேலை செய்கிறது, அந்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது.

பேட்டரியில் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டாலும் அப்போதுதான் தீப்பொறி வராது. அடுத்து, கம்பெனியில் வராத வயர்களை எல்லாம் தேடி எடுங்கள். ஃபாக் லேம்ப், கூடுதல் ஹாரன், ஸ்டீரியோ, ரிவர்ஸ் பஸ்ஸர் என்று இருபது முப்பது வருடத்தில் ஆளுக்கு ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். பழைய வயரின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். இஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்து, முறுக்கிய இடம் திறந்து கிடக்கும். ஃப்யூஸ் போவதற்குக் காரணம் அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். கம்பெனி வயரில் கறுப்பு என்றால் எர்த் (பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு), கறுப்பில் வெள்ளைக் கோடு என்றால் இக்னிஷன். இந்த இரண்டைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே அந்நிய வயர்களைப் பிரித்துவிடலாம். எதையும் கழற்றுமுன் போனில் படம் எடுங்கள், மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

பிறகு எர்த். இதைச் சொல்லாமல் ஹெட்லைட் பற்றிப் பேசவே கூடாது. எர்த் வயரின் முனையில் உள்ள வளையம் போல்ட்டுக்குக் கீழே பாடியோடு இறுகியிருக்கும். போல்ட்டைக் கழற்றி வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அதற்குக் கீழே பாடியில் பெயின்ட்டும் துருவும் இருக்கும். உப்புத்தாளால் இரண்டையும் பளபளக்கும் வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இறுக்குவதற்கு முன்னால் தடவக் கூடாது. தேய்ப்பதற்கு முன்பும் பின்பும் மல்ட்டிமீட்டரில் அளந்து பார்ப்பது முக்கியம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒரு முள்ளைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றைப் பல்பின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. என் வண்டியில் 1.4 காட்டியது. சுத்தம் செய்த பிறகு 0.1-க்கு வந்தது. ஒன்றரை வோல்ட் குறைந்தாலே ஹாலஜன் பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மங்கல் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான். இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் தடித்த எர்த் பட்டையையும் இதே மாதிரி பாருங்கள். அது கெட்டிருந்தால் நல்ல பேட்டரி போட்டாலும் செல்ஃப் முனகும்.

போகிற ஃப்யூஸ் எது என்று தெரிந்ததும் அதைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வயரோடு சொருகுங்கள். அந்த லைனில் உள்ள லைட், மோட்டார் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். இனி வயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டும் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டும் போங்கள். பல்பு எந்த இடத்தில் அணைகிறதோ அதுதான் ஷார்ட். ஃப்யூஸ் ஒன்றுகூட வீணாகாது. பெரிய ஃப்யூஸ் போட்டுப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஃப்யூஸ் எரிய வேண்டிய இடத்தில் வயர் எரியும்.

பொள்ளாச்சியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, மீட்டரு கத்துதுன்னு நம்பிராதீங்க. லோடு குடுத்துப் பாருங்க." வயருக்குள் இருக்கும் இழைகளில் ஒன்றே ஒன்று ஒட்டியிருந்தாலும் மீட்டர் பீப் என்று கத்தும். ஹெட்லைட் கரண்ட் போகும்போது அந்த ஒற்றை இழை தாங்காது. அதனால் சந்தேகப்படும் வயரில் 21 வாட் பல்பை மாட்டி, எரியவிட்டு, அப்போது வோல்ட் பாருங்கள்.

எலி நம் பக்கத்தில் தனிக் கதை. கடலை பிடுங்கி வீட்டுக்கு வந்ததும் எலியும் ஷெட்டுக்கு வந்துவிடும். கடித்த வயரை அந்த இடத்திலேயே ஒட்டுப்போடக் கூடாது. தோலைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும்; செப்பு நிறம் தெரியும் வரை வெட்டிக்கொண்டே போய், அதே தடிமனில் ஆட்டோ வயர் சேர்த்து, கிரிம்ப் செய்து (இணைப்புக் குழாயில் வைத்து நசுக்கி), சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். வீட்டு வயரிங் ஒயரை எடுத்துப் போடாதீர்கள். இஞ்சின் அதிர்வுக்கும் சூட்டுக்கும் அது செய்யப்பட்டதல்ல.

ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச், போடுவதை நான் கட்டாயம் சொல்வேன். ஹை பீமில் 60 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். பழைய ஸ்விட்ச் வழியாகவே அவ்வளவும் போனால் ஸ்விட்ச் சூடாகித் தேயும். பேட்டரியிலிருந்து 15 ஆம்ப் ஃப்யூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கும், 87-இலிருந்து பல்புக்கும் கொடுங்கள். பழைய ஹெட்லைட் வயர் 86-க்கு, எர்த் 85-க்கு. ஹைக்கு ஒன்று, லோவுக்கு ஒன்று. ரிலே போட்ட தைரியத்தில் 100 வாட் பல்பு மாட்டினால் கப்ளர் உருகும்.

இனி கியர்பாக்ஸ். இறக்குவதற்கு முன் வெளியே மூன்று இடம் பார்க்க வேண்டும். 800-இல் கிளட்ச் கேபிளில் இயங்குகிறது. கேபிள் இழுபட்டுப் போயிருந்தால் கிளட்ச் முழுதாக விடாது. அப்போது இரண்டாவது மட்டுமல்ல, எல்லாக் கியரும் கறகறக்கும், ரிவர்ஸ் அதிகமாகவே கத்தும். அடுத்து, கியர் லிவரிலிருந்து பெட்டிக்குப் போகும் ராடின் புஷ்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்துக் கியர் மாற்றச் சொல்லி, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். லிவர் அசைந்தும் ராடு அசையாத இடைவெளி தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. மிகச் சின்ன சாமான், மாற்றியதும் கியர் புது வண்டி போல விழும். மூன்றாவது, ஆயில். வடித்து, டிரெய்ன் போல்ட்டில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல இருந்தால் சாதாரணத் தேய்மானம். சில்லு தட்டுப்பட்டால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். ஆயில் வாங்கும்போது ஜிஎல்-4 தரம் என்று கேட்டு வாங்குங்கள். ஜிஎல்-5 உயர்ந்தது என்று சில கடைகளில் தருவார்கள். அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் சிங்க்ரோவின் (கியர் விழுமுன் இரு பக்க வேகத்தையும் சமப்படுத்தும் பாகம்) பித்தளை வளையத்தை அரிக்கக் கூடியது.

அடியில் படுக்கும்போது ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும். சித்தூர் தாலுகாவின் கரிசல் மண்ணில் ஸ்டாண்டும் மெல்ல இறங்கும். சிமெண்ட் தரையில் மட்டுமே செய்யுங்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் இரண்டாவது கியர் மட்டும் கத்துகிறதா? ஓட்டும்போது மூன்றிலிருந்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்து இரண்டாவது போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் குறை இரண்டாவது கியரின் சிங்க்ரோ ரிங்கில்தான். வேகம் குறைத்துக் கியரைக் குறைக்கும்போது அடிக்கடி போடுவது இது என்பதால் இந்த ரிங்தான் முதலில் தேயும். நியூட்ரலில் இரைச்சல் இருந்து, கிளட்ச் மிதித்தால் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங். கியர் தானாக வெளியே வந்தால் கியரைத் தள்ளும் ஃபோர்க், ஸ்பிரிங், மவுண்டிங் பார்க்க வேண்டும்.

இறக்குவது பலம் கேட்கும் வேலை, புத்தி கேட்கும் வேலை அல்ல. ஆயிலை வடித்து, ஆக்ஸில் இரண்டையும் உருவி, ஸ்டார்ட்டர், கேபிள்கள், ராடு எல்லாம் கழற்றி, இஞ்சினுக்கு அடியில் தாங்கு கொடுத்து இறக்க வேண்டும். கூட ஒருவர் கட்டாயம். இறக்கிய பிறகு கிளட்ச் பிளேட்டையும் ஆயில் சீல்களையும் புதிதாகப் போடாமல் ஏற்றாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது கவனமெல்லாம் சின்ன எஃகு குண்டுகள் மேல் இருக்கட்டும். ஸ்பிரிங்கோடு சேர்ந்து அவை துள்ளி ஓடும். அகலத் தட்டில் வைத்துப் பிரியுங்கள். ஷாஃப்ட்டிலிருந்து கழற்றும் ஒவ்வொன்றையும் அதே வரிசையில், அதே முகம் மேலே இருக்கும்படி அட்டையில் அடுக்குங்கள்.

சிங்க்ரோ ரிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் நகத்தால் உணரும் அளவுக்கு மெல்லிய வரிகள் இருக்க வேண்டும். கியரின் கோன் மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் திருப்பினால் நல்ல ரிங் கடித்து நிற்கும், தேய்ந்தது வழுக்கும். அப்படி அழுத்தி வைத்தபோது ரிங்குக்கும் கியருக்கும் நடுவே இடைவெளி அளக்கும் அரை மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு நுழையாவிட்டால் ரிங் முடிந்தது. பக்கத்திலுள்ள சின்னப் பற்களையும் பாருங்கள். கூராக இருக்க வேண்டிய நுனி மழுங்கியிருந்தால் ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை, கியரும் அதன் பற்களைக் கவ்வும் ஸ்லீவும் சேர்ந்தே மாற வேண்டும். மூடும் முன் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி நான்கு கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேஸை ஒட்ட வேண்டும். பிரஸ் வேலைக்கு நான் போன லேத்தில் சேட்டன் பேரிங்கைக் கொண்டுபோனதும் முதலில் கேட்டது எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்றுதான். உள் வளையம் ஷாஃப்ட்டில் ஏறும்போது உள் வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். வெளி வளையத்தில் அழுத்தினால் புது பேரிங் அங்கேயே கெட்டுவிடும்.

கியரும் ஸ்லீவும் போயிருந்தால் புதிதாகத் தேடுவதைவிட கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் முழுப் பெட்டியாக வாங்குவது மேல். 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது, ஆனால் பிரித்த வண்டிகள் இன்னும் வருகின்றன. ஆம்னியிலும் இதே 796 சிசி இஞ்சின்தான் என்று சொல்லி ஆம்னி பெட்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஆம்னி பின்சக்கர வண்டி, அதன் கியர்பாக்ஸ் முன்சக்கரத்தில் ஓடும் 800-க்குச் சேராது. வாங்குமுன் இன்புட் ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கியர் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுற்றிப் பாருங்கள், டிரெய்ன் போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். போல்ட்டைக் கழற்ற மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.