பச்சை உடையில் வரும் பெண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'சிங்கிங் இன் த ரெயின்' என்ற ஹாலிவுட் இசைப் படத்தைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகுதான் அதைப் பார்த்தேன். கடைசியில் பச்சை உடையில் ஒரு பெண் வருகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் படம் முடிந்தும் அவர்தான் மனதில் நிற்கிறார். மற்ற படங்களில் பாட்டுக்கும் அவருக்கு இரவல் குரல்தானாம். இவ்வளவு பெரிய கலைஞரை வெறும் காலாகவே பார்த்துவிட்டார்களோ?

- ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

அவர் சிட் சரீஸ். டெக்சஸ் மாநிலத்து அமரில்லோ ஊர்க்காரர். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. உடம்பு தேறட்டும் என்றுதான் பாலே வகுப்பில் சேர்த்தார்கள். பதின்வயதிலேயே ரஷ்ய பாலே குழுவோடு மேடையேறிவிட்டார்.

உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் புரிகிறது. படத்தின் நாயகன் ஜீன் கெல்லியின் தொப்பி சிட் சரீஸின் கால் நுனியில் மாட்டி மேலே போக, கேமரா அந்தக் காலைத் தொடர்ந்து போய்த்தான் முகத்தையே காட்டும். ஆனால் அதற்கு அப்புறம் நடப்பதை இன்னொரு தடவை பாருங்கள். கெல்லியின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார், தொடையில் துடைக்கிறார், எட்டி உதைத்துவிடுகிறார். அந்தப் பையனை அவள் என்னவாக மதிக்கிறாள் என்று சொல்ல இதற்குமேல் வசனம் எதற்கு?

இரவல் குரல் அன்றைய ஸ்டுடியோக்களில் சாதாரணம். இதே படத்தில் நாயகி டெபி ரெனால்ட்ஸுக்கும் பெட்டி நாய்ஸ் பாடியிருக்கிறார்.

சரி, 'த பேண்ட் வேகன்' (1953) பார்த்தீர்களா? அதில் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேரும் இவரும் இரவில் பூங்காவுக்குள் நடந்து வருகிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும் ஜோடிகளைத் தாண்டி, ஆளில்லாத இடத்துக்குப் போகிறார்கள். பேச்சில்லை, பாட்டு வரியும் இல்லை, இசை மட்டும்தான். நடையில் ஒரு சின்னச் சுழற்சி வருகிறது, பிறகு இன்னொன்று. நடை எந்த இடத்தில் நடனமாகிறது என்று பிடிக்கவே முடியாது. கடைசியில் அதே தாளத்தில் குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். அமெரிக்க சினிமாவில் இதைவிட அழகான காதல் காட்சி எனக்குத் தெரியாது.

என் ஆதங்கம் வேறு. அவருக்குக் காலம் கூடிவரவில்லை. முழங்காலில் அடிபட்டதால் 'ஈஸ்டர் பரேட்' (1948) பட வாய்ப்பு ஆன் மில்லருக்குப் போனது. கருவுற்றிருந்ததால் 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' (1951) லெஸ்லி கேரனுக்குப் போனது. எம்.ஜி.எம். பட நிறுவனத்தில் பல வருடங்கள் இருந்தும், பச்சை உடை வந்தபோது வயது முப்பதை ஒட்டிவிட்டது. அடுத்த ஐந்து வருடங்களில் பாட்டும் நடனமும் நிறைந்த அந்த வகைப் படங்களே ஓய ஆரம்பித்தன. ஜனங்கள் தொலைக்காட்சிப் பக்கம் போய்விட்டார்கள். அவ்வளவு பெரிய இசைக்குழுவுக்கும் செட்டுக்கும் கூட்டு நடனத்துக்கும் செலவழிக்க ஸ்டுடியோக்கள் தயங்கின. அவர் உச்சத்தில் இருந்தபோது ஆட மேடை இல்லை. அந்த இழப்பு நமக்கும்தான்.

2008இல் காலமானார். அதற்கு முன், 1992இல், எழுபது வயதில் முதன்முறையாக நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடை ஏறி, 'கிராண்ட் ஹோட்டல்' நாடகத்தில் வயதான பாலே கலைஞராக நடித்தார்.

அடுத்து 'சில்க் ஸ்டாக்கிங்ஸ்' (1957) பாருங்கள். பாரிஸ் ஓட்டல் அறையில், ஒளித்துவைத்த பட்டுக் காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விறைப்பான சோவியத் அதிகாரியாக வரும் அவர் தனியாக ஆடும் இடம் வரும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.